கை மாறிய மோதிரம்

அத்தியாயம் 11

"ஐயா, இந்த அம்மா நரகத்துக்குப் போயும் எவ்வளவு அழகா இருக்கா பாருங்க" என்றாள் கெசியா. "நான் சந்தைக்குப் போயிட்டு வந்தாலே பேய் பிடிச்ச மாதிரி ஆயிடுறேன்."

அவளுடைய முதலாளி, துப்பறிகிற ஸ்ட்ரூட், பின்னக்கின் படக்கடை ஜன்னலில் மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்து நின்றார். கண்ணாடிக்குப் பின்னால் அந்தப் படம் மாட்டியிருந்தது. ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் இத்தாலிக்காரர் ஒருவர் பாடி வைத்த நரகக் காவியத்திலிருந்து ஒரு காட்சி. கட்டிய புருஷனை விட்டு அவன் தம்பியை விரும்பியவள், அந்தத் தம்பியையே பிடித்துக்கொண்டு சூறைக்காற்றில் சுழல்கிறாள். சுற்றிலும் நூற்றுக்கணக்கான பாவிகள். அத்தனையும் செப்புத் தகட்டில் மயிரிழை மயிரிழையாக வெட்டி, மை தேய்த்து, காகிதத்தில் அழுத்தி எடுத்தது.

அந்தத் தகட்டை வெட்டியவள் டார்கஸ் ஆன்ஸ்லி. வெட்டச் சொன்னவன் கடைக்காரன் பின்னக். ஜூன் மாதம் பத்தாம் தேதி காலை, பூட்டி வைத்த தகட்டை டார்கஸ் திருடிவிட்டாள் என்று அவன் புகார் கொடுத்தான். தகடு கிடைக்கவே இல்லை என்று நீதிமன்றத்தில் சத்தியம் செய்தான். நீதிபதி நம்பினார். பதினாலு வருஷம் நாடு கடத்தல். வியாழக்கிழமை கப்பல். அந்தக் கப்பலில் போன பெண்களில் திரும்பி வந்த ஒருத்தியையாவது கெசியா இன்றுவரை கண்டதில்லை.

இன்று செவ்வாய். மணி எட்டே முக்கால். மதியம் பன்னிரண்டு அடித்தால் கருணை மனுக் கட்டை மூடி மேலே அனுப்பிவிடுவார்கள். அதற்குள் புதிதாக ஏதாவது ஒரு சான்று அதில் சேர்ந்தாக வேண்டும். கையில் இருப்பது இந்த ஒரு நூல்தான்: தொலைந்து போன தகட்டின் படம், தொலைத்தவன் கடையிலேயே புத்தம் புதிதாகத் தொங்குகிறது.

"உள்ள போ" என்றார் ஸ்ட்ரூட். "நீ பணக்கார வீட்டம்மா. நான் உன் வீட்டுக் கணக்கப்பிள்ளை."

"எப்பவும் உண்மை வெளிய வந்துடும்னு சொல்வாங்க, சரியாத்தான் இருக்கு" என்று கெசியா தொப்பியைச் சரிசெய்தாள். நாடகக் கொட்டகையில் எட்டு வருஷம் ஆரஞ்சு விற்றவள் அவள். மேடையில் நடப்பதைப் பார்த்துப் பார்த்து ராணி வேஷம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

பின்னக் உருண்டையாக, சுத்தமாக, ரோஜாத் தைல வாசனையோடு இருந்தான். படத்தை எடுத்து மேஜையில் விரித்தான். "அம்மணி, உங்களுக்கு நல்ல ரசனை. என் அக்கா மகன் அகஸ்டஸ் வெட்டினது. கீழே பேர் பாருங்க."

"இதே மாதிரி ஒரு படத்தை ஒரு பொண்ணு வெட்டி, அது காணாமப் போச்சுன்னு கேள்விப்பட்டேனே" என்றாள் கெசியா, விசிறியை ஆட்டியபடி.

பின்னக் அவளைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் நின்ற ஸ்ட்ரூட்டைப் பார்த்துச் சிரித்தான். "ஸ்ட்ரூட் துரை, நீங்களே கேட்டிருக்கலாமே. எதுக்கு இந்த அம்மாவுக்குச் சிரமம்?"

வேஷம் கலைந்தது. கெசியா விசிறியை மடக்கினாள். "சிரமம் ஒண்ணுமில்ல. இந்தத் தொப்பியத் திருப்பிக் கொடுக்கறதுதான் சிரமம்."

"இது அதே தகடு" என்றார் ஸ்ட்ரூட்.

"அதே வரைபடம், வேற தகடு. அவ திருடிட்டுப் போனதால என் மருமகன் உக்காந்து புதுசா வெட்டினான்." பின்னக் இழுப்பறையைத் திறந்து இன்னொரு காகிதத்தை எடுத்தான். நீதிமன்றத்தில் காட்டிய காகிதம். ஜூன் ஒன்பதாம் தேதி எடுத்த சோதனைப் படி, டார்கஸ் வெட்டியதிலிருந்து. இரண்டையும் அருகருகே வைத்தான். "கண்ணு நல்லாத் தெரியுமில்ல? அந்தப் பொம்பளையோட கையைப் பாருங்க."

பார்த்தார்கள். டார்கஸின் படியில் கல்யாண மோதிரம் வலது கை விரலில் இருந்தது. புதிய படத்தில் இடது கையில் இருந்தது.

"ஒரே தகடுன்னா மோதிரம் நடந்தா போச்சு?" என்று கேட்டான் பின்னக். "இல்ல, காத்துல பறந்து அடுத்த கைக்குப் போச்சா? நரகத்துல என்ன வேணாலும் நடக்கும்னு சொல்லிடாதீங்க."

ஸ்ட்ரூட் புதிய படத்தில் இரண்டு பிரதிக்கு விலையைக் கொடுத்துச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டார். வெளியே வந்ததும், "ஓடு" என்றார்.

*

ஜேபஸ் கிராஃப்டின் அச்சுக்கூடம் இரண்டு தெரு தள்ளி. டார்கஸுக்காக இந்த இருவரையும் தேடிப் பிடித்து வேலையைக் கொடுத்தவர் ஜேபஸ்தான். டார்கஸின் தகட்டுக்குச் சோதனைப் படி எடுத்தவரும் அவர்தான். முழங்கை வரை மை. நகத்துக்குள் மை. காதுக்குப் பின்னால் கூட மை. அவர் கூடத்துக்கு மேலே ஒரு அறையில் டார்கஸின் கணவன் எஃப்ரெம் இருந்தான். இருபது வருஷம் செம்பைப் பார்த்துப் பார்த்துக் கண் அவிந்துபோன மனிதன். அவன் கண் போன பிறகுதான் உளியை டார்கஸ் கையில் எடுத்தாள்.

"மேல சத்தம் கேக்காம பேசுங்க" என்றார் ஜேபஸ். "ராத்திரியெல்லாம் தூங்கல அவன். இப்பத்தான் கண் அசந்திருக்கான்."

ஸ்ட்ரூட் படத்தை விரித்து மோதிரக் கதையைச் சொன்னார். ஜேபஸ் காகிதத்தைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தார். மூக்குக்கு அருகில் கொண்டுபோனார். முகர்ந்து பார்ப்பார் போலிருந்தது. பிறகு தன் அலமாரியிலிருந்து ஜூன் மாதத்துப் படி ஒன்றை எடுத்து வந்தார். கொஞ்ச நேரம் கழித்து அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறார்.

"செம்புல ஒரு கோடு வெட்டினா, வெட்டினதுதான் தங்கச்சி. அழிக்கணும்னா அந்த இடத்தைச் சுரண்டணும். சுரண்டினா பள்ளம் விழும். தகட்டைக் கவுத்துப் போட்டு, பின்னாலேருந்து சுத்தியலால மெதுவாத் தட்டித் தட்டி அந்த இடத்தை மேல கொண்டு வரணும். எவ்வளவு நல்லாத் தட்டினாலும் அங்க துளியூண்டு மை தங்கும்." அவர் சுண்டுவிரலால் புதிய படத்தில் பெண்ணின் வலது கையைக் காட்டினார். "இங்க பாரு."

கெசியா கண்ணைச் சுருக்கினாள். மோதிரம் இல்லாத அந்த வலது கை விரலில் ஒரு சாம்பல் நிழல். பாலில் விழுந்த தூசி அளவுதான். ஆனால் வட்டமாக இருந்தது.

"மோதிரத்தோட தழும்பு" என்றாள்.

"அதேதான். அதே தகடு. மோதிரத்தை அழிச்சு அடுத்த கைக்கு மாத்தியிருக்காங்க." ஜேபஸ் தயங்கினார். "இன்னொண்ணும் இருக்கு. இதோ, இந்த மேகத்து ஓரத்துல ஒரு கீறல். ஜூன் மாசம் நான் மை துடைக்கற துணியில ஒரு மணல் இருந்துச்சு. என் தப்பு. அவகிட்ட இன்னிவரைக்கும் சொல்லல. ரெண்டு காகிதத்துலயும் அந்தக் கீறல் அதே இடத்துல இருக்கு."

ஸ்ட்ரூட் இருக்கையை விட்டு எழுந்தார். வருஷத்தில் இரண்டு முறைதான் அவர் அப்படி எழுவார். "சத்தியம் பண்ணி எழுதிக் கொடுப்பீங்களா?"

"ஏன் மாட்டேன்?"

தெருமுனையில் சத்தியம் வாங்கும் வக்கீல் ஒருவர் இருந்தார். அவரைக் கையோடு கூட்டி வந்தார்கள். ஸ்ட்ரூட் சொல்லச் சொல்ல வக்கீல் எழுதினார்: இது டார்கஸ் வெட்டிய அதே தகடு, ஜூன் ஒன்பதாம் தேதி மாலை நான் படி எடுத்தபோது மோதிரம் வலது கையில் இருந்தது, அதன் பின்னரே மாற்றப்பட்டிருக்கிறது, ஆகவே களவு போனதாகச் சொல்லும் நாளுக்குப் பிறகும் தகடு பின்னக்கின் கையில் இருக்கிறது.

"இன்னும் ரெண்டு வரி" என்றார் ஜேபஸ். அவர் கண் படத்தின் அடியில் இருந்த அகஸ்டஸின் பெயர் மேல் நிலைத்திருந்தது. "அந்தப் பையனுக்கு வெண்ணெயக் கூட ஒழுங்கா வெட்டத் தெரியாது. அவன் பேரைப் போட்டிருக்கானுங்க. எழுதுங்க. மோதிரம் உட்பட மொத்தமும் டார்கஸ் ஆன்ஸ்லியின் கை. இந்த ஊரில் வேறு யாராலும் இப்படி ஒரு கோடு இழுக்க முடியாது. தழும்பு அதிகம் தெரியாமல் பின்னால் தட்டியிருப்பது அவள் கணவன் எஃப்ரெமுக்குப் பழக்கமான முறை. எழுதிட்டீங்களா?"

"எழுதட்டும், நல்லதுதான்" என்றார் ஸ்ட்ரூட். "மருமகன் பேர் பொய்னு அதுலயே தெரிஞ்சுடும்."

மணி பத்தேகால். காலையில் பதினொன்று வரை, பிறகு மாலையில்தான் சிறையில் டார்கஸைப் பார்க்க அனுமதி. காகிதத்தையும் புதிய படம் ஒன்றையும் ஓட்டமாய் ஓடுகிற ஒரு சுமைகூலியிடம் கொடுத்து மனு அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டு, இன்னொரு படத்தை எடுத்துக்கொண்டு இருவரும் வாடகை வண்டியில் ஏறினார்கள். ஸ்ட்ரூட் சீட்டியடித்தார். கெசியா அதைக் கேட்டு ஒரு வருஷம் ஆகிறது.

பாதி வழியில் அவள் விரல் விட்டு எண்ணினாள்.

"ஐயா, ஒன்பதாம் தேதி சாயங்காலம் மோதிரம் வலது கையில. அன்னிக்கே பின்னக்கோட ஆள் தகட்டை எடுத்துட்டுப் போய்க் கடையில வச்சான். மறுநாள் காலையில காணோம்."

"ஆமா."

"அப்போ மோதிரத்தை எப்போ மாத்தினாங்க?"

"அப்புறந்தான். பின்னக் மாத்தச் சொல்லியிருப்பான்."

"யாரை?"

ஸ்ட்ரூட் சீட்டியை நிறுத்தினார். வண்டிச் சக்கரம் கல்லில் இடித்துக்கொண்டே போயிற்று. ஜேபஸின் காகிதத்தில் இருந்த அந்த இரண்டு வரியும் கெசியாவின் கண்ணுக்கு முன்னால் நின்றன. மோதிரம் உட்பட மொத்தமும் டார்கஸ் ஆன்ஸ்லியின் கை. அப்படியானால் காணாமல் போன பிறகு தகடு அவளிடம் இருந்திருக்கிறது.

"ஐயா, நாம என்ன எழுதி அனுப்பியிருக்கோம்?"

அவர் தலையை வெளியே நீட்டி வண்டிக்காரனை விரட்டினார்.

*

டார்கஸ் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றாள். முப்பது வயதுகூட ஆகவில்லை, ஆனால் மூன்று மாதச் சிறை அவள் முகத்தை உலர்த்தியிருந்தது. கெசியா படத்தை விரித்துக் காட்டியதுமே அந்த முகம் மலர்ந்துவிட்டது. அதைப் பார்த்ததுமே கெசியாவுக்குத் தெரிந்துபோயிற்று.

"நல்லா விழுந்திருக்கே அக்கா" என்றாள் டார்கஸ், கம்பிக்குள்ளிருந்து விரலை நீட்டி. "இடது கையில பளிச்சுனு தெரியுது. பயந்துட்டே இருந்தேன், எடுக்கறப்போ மங்கிடுமோன்னு."

"இத நீயா மாத்தின?" என்று கேட்டார் ஸ்ட்ரூட்.

விரல் பின்னால் போயிற்று. அவள் தரையைப் பார்த்தாள்.

"மறைக்காதம்மா" என்றாள் கெசியா. "மூணு மாசமா எங்ககிட்டயும் மறைச்சுட்ட. இப்பவாவது சொல்லு."

டார்கஸ் தலையை நிமிர்த்தினாள். "அன்னிக்குச் சாயங்காலம் சோதனைப் படியைக் கொண்டுபோய் அவருக்கு விவரமாச் சொன்னேன். கண்ணு தெரியாதில்ல, ஒவ்வொரு படியும் நான்தான் சொல்லணும். எல்லாத்தையும் கேட்டுட்டு, மோதிரம் எந்தக் கைலன்னு கேட்டார். அப்பதான் பாத்தேன். வலது கைல இருக்கு. செம்புல வெட்டறது காகிதத்துல இடம் வலம் மாறித்தான விழும்? மத்ததெல்லாம் கண்ணாடி வச்சு மாத்தி மாத்தி வெட்டினவ, அந்த மோதிரத்தை மட்டும் நேரா வெட்டித் தொலைச்சிருக்கேன். ரெண்டு வருஷ வேலை அக்கா. அது இடது கைல இல்லன்னா அவ யாருக்கும் பொண்டாட்டி இல்ல. பொண்டாட்டி இல்லன்னா அவளுக்கு எதுக்கு நரகம்? மொத்தப் படமும் வீண்."

"அப்புறம்?"

"பின்னக்கிட்ட ஓடினேன். ரெண்டு நாள் கொடுங்க, மாத்திடறேன்னு கெஞ்சினேன். எவனும் மோதிரத்தைப் பாக்க மாட்டான்னு சொல்லிட்டு வேலைக்காரியத் திட்டறதுக்கு உள்ள போனான். அலமாரி திறந்திருந்தது. சால்வைக்குள்ள வச்சு எடுத்துட்டு வந்துட்டேன்."

ஸ்ட்ரூட் நெற்றியைக் கம்பியில் சாய்த்தார்.

"நான் சுரண்டினேன், அவர் பின்னால தட்டினார். அவருக்குக் கண்ணே வேண்டாம், விரலாலயே தெரிஞ்சுப்பார். பன்னிரண்டாம் தேதி காலையில கடை திறக்கறதுக்கு முன்னாடி நானே பின்னக் கையில கொடுத்தேன். நல்லா இருக்குன்னு சொன்னான். சொல்லிட்டு உள்ள வச்சுப் பூட்டினான். சாயங்காலம் காவலர் வந்தாங்க."

"கொடுத்ததை யாராவது பாத்தாங்களா?"

"அவன் மட்டுந்தான்."

"கோர்ட்டுல ஏன் சொல்லல?" என்றாள் கெசியா. அவளுக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"சொன்னா யார் தட்டினதுன்னு கேப்பாங்களே. அவரையும் சேர்த்து ஏத்திடுவாங்க. கண்ணு தெரியாதவர் அக்கா. அந்தக் கப்பல்ல ஒரு வாரம் தாங்க மாட்டார். அதான் தகட்டைத் தொடவே இல்லன்னு சொல்லிட்டேன்."

ஸ்ட்ரூட் சட்டென்று நிமிர்ந்தார். "கேளு. அந்தத் தகட்டுல கீழ இருக்கறது அகஸ்டஸ் பேரு. அவன்தான் வெட்டினான்னு பின்னக்கே வாயாலச் சொல்லியிருக்கான். மோதிரத்தை மாத்தினது அகஸ்டஸ்னே வச்சுப்போம். அப்போ தகடு உன் கைக்கு வரவே இல்ல. இத்தனை நாளும் பின்னக்கிட்டயே இருந்துச்சு. நீ வெளிய வந்துடலாம். அந்த மோதிரம் உன் வேலை இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லணும்."

கெசியா அவள் முகத்தையே பார்த்தாள். இந்த மோதிரத்துக்காகத் திருடியவள், ஒரு நிமிஷமாவது தயங்குவாள் என்று எதிர்பார்த்தாள். டார்கஸ் தயங்கவே இல்லை.

"என் வேலை இல்ல. அந்தப் படமே என்னோடது இல்லன்னு வேணாலும் எழுதிக்குங்க. எனக்கு வீட்டுக்குப் போகணும்." பிறகு கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "ஆனா எது எழுதினாலும் எஃப்ரெம் பேரு மட்டும் அதுல வரக் கூடாது."

மணி பதினொன்று அடித்தது. காவலாள் வந்து அவளை உள்ளே கூட்டிப் போனான்.

"நீ மனு அலுவலகத்துக்குப் போ" என்றார் ஸ்ட்ரூட், படியில் தடுமாறி இறங்கியபடி. "அந்தக் காகிதத்தை எப்படியாவது வாங்கிடு. நான் ஜேபஸைக் கூட்டிட்டு வரேன். அந்த ரெண்டு வரியை எழுதினப்போ நான்தான் நல்லதுன்னு சொன்னேன். கெசியா, நான்தான் சொன்னேன்."

"அழுறதுக்கு நேரம் இல்லங்கையா" என்று அவள் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள்.

*

மனு அலுவலகத்து எழுத்தர் ஒல்லியான, பொறுமையான மனிதர். மேஜையில் டார்கஸின் கட்டு சிவப்பு நாடா பிரிந்த நிலையில் கிடந்தது. மேலே ஜேபஸின் காகிதம். அவர் அதைத்தான் படித்துக்கொண்டிருந்தார்.

"அதை நான் திருப்பி வாங்கிக்கணும்" என்றாள் கெசியா.

"கட்டுல சேர்ந்த காகிதத்தை எடுக்கறது வழக்கம் இல்லம்மா. சேர்க்கலாம், எடுக்க முடியாது."

கெசியா அழுது பார்த்தாள். அவர் கைக்குட்டை கொடுத்தார். மயங்கி விழப் பார்த்தாள். அவர் தலையைத் தூக்காமலே காலால் ஒரு நாற்காலியை அவள் பக்கம் தள்ளினார். கொட்டகையில் கற்ற வித்தை எதுவும் இங்கே செல்லவில்லை.

"நல்லா எழுதியிருக்கார்" என்றார் எழுத்தர். "தகடு கடைக்காரர்கிட்டதான் இருக்குன்னு புரியுது. களவு போன தேதிக்கு அப்புறம் இந்தப் பொண்ணு அதுல வேலை பாத்திருக்கான்னும் புரியுது. அப்போ அவ எடுத்திருக்கா." பக்கத்தைப் புரட்டினார். "இதுல இன்னொரு பேர் இருக்கே. எஃப்ரெம்னு. யார் அது?"

அவர் பேனாவை மையில் தோய்த்தார்.

"யாரும் இல்ல" என்றாள் கெசியா. "அந்தக் காலத்துல ஒருத்தர் இருந்தார், அவரை மாதிரின்னு பேச்சுக்குச் சொன்னது."

"அவள் கணவன்னு எழுதியிருக்கே."

பேனா இன்னும் காகிதத்தைத் தொடவில்லை. கெசியா வாழ்க்கையில் எத்தனையோ பொய் சொன்னவள். அந்தப் பேனா முனையைப் பார்த்தபடி ஒரே ஒரு பொய் தேடினாள், அகப்படவில்லை. மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. ஸ்ட்ரூட்டும் ஜேபஸும் மூச்சு வாங்க உள்ளே வந்தார்கள். ஜேபஸ் கையைக்கூடக் கழுவவில்லை. மணி பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் இருந்தது.

"நான் எழுதினது தப்புங்க" என்றார் ஜேபஸ். வழியில் ஸ்ட்ரூட் எல்லாம் சொல்லியிருந்தார். "அந்த மோதிரம் அவ கை இல்ல. அந்தப் பையன் அகஸ்டஸோட கை."

எழுத்தர் பேனாவை வைத்தார். "பத்து மணிக்கு அவ கைன்னு சத்தியம் பண்ணியிருக்கீங்க. நடுவுல என்ன ஆச்சு?"

"மறுபடி பாத்தேன்."

"சரி, பாருங்க." எழுத்தர் படத்தை அவர் முன்னால் திருப்பினார். "அவ கை எங்க முடியுது, அந்தப் பையன் கை எங்க ஆரம்பிக்குது, விரல் வச்சுக் காட்டுங்க. சேர்த்து எழுதிக்கறேன்."

ஜேபஸ் குனிந்தார். மை படிந்த விரல் காகிதத்துக்கு மேலே வந்து நின்றது. மோதிரத்துக்கு வந்தது, மணிக்கட்டுக்குப் போனது, திரும்ப மோதிரத்துக்கு வந்தது. சொல்லுங்க அண்ணே, எங்கேயாவது வையுங்க என்று கெசியா மனசுக்குள் கதறினாள். விரல் எங்கும் இறங்கவில்லை. எல்லாமே ஒரே கை. நாற்பது வருஷம் கோடு கோடாகப் பார்த்தே வாழ்ந்த மனிதருக்கு, இல்லாத எல்லையில் விரல் வைக்க வரவில்லை.

"இங்க" என்றார் கடைசியில். "இங்க கொஞ்சம் முரட்டுத்தனமா இருக்கு."

எழுத்தர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். "எனக்கு அப்படித் தெரியல. உங்களுக்கும் தெரியலன்னு நினைக்கிறேன்." அவர் குரலில் கடுமை இல்லை. "இதோ பாருங்க. முதல் காகிதம் அப்படியே இருந்தா, அவ எடுத்தது உறுதி. திருப்பிக் கொடுத்ததுக்குச் சாட்சி இருக்கா?"

"கடைக்காரன் மட்டும்" என்றார் ஸ்ட்ரூட்.

"அப்போ தண்டனை மாறாது. கடைக்காரர் மேல பொய்ச் சாட்சி வழக்கு வரலாம். இந்த எஃப்ரெமையும் கூப்பிட்டு விசாரிப்பாங்க. இல்ல, ரெண்டாவது காகிதம் ஒண்ணு எழுதித் தர்றீங்கன்னா, ஒரே ஆள் ரெண்டு விதமாச் சத்தியம் பண்ணியிருக்கார்னு ரெண்டையும் தள்ளிடுவாங்க. அதே தகடுங்கறதையும் சேர்த்துத்தான். யாரையும் விசாரிக்க மாட்டாங்க."

"அப்பவும் தண்டனை?"

"மாறாது."

ஸ்ட்ரூட் ஜேபஸைப் பார்த்தார், கட்டைப் பார்த்தார். பதினேழு வருஷத்தில் இந்த மனிதர் வழி தெரியாமல் நின்று கெசியா பார்த்தது இதுதான் முதல் தடவை. அவளுக்கு அவரை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது.

"அவ என்ன சொன்னா?" என்று ஜேபஸ் கெசியாவைக் கேட்டார்.

"எஃப்ரெம் பேரு வரக் கூடாதுன்னா."

ஜேபஸ் தலையை ஆட்டினார். "பேனாவைக் கொடுங்க."

"பொய்ச் சத்தியம்னு உங்க மேல நடவடிக்கை வரும்" என்றார் எழுத்தர்.

"வரட்டும்."

தாம் காலையில் சொன்னது அத்தனையும் பொய் என்றும், அந்தத் தகட்டைத் தமக்கு அடையாளம் தெரியாது என்றும், தமக்குக் கண் பார்வை சரியில்லை என்றும் ஜேபஸ் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவர் எழுதுவதைப் பார்க்கப் பிடிக்காமல் ஸ்ட்ரூட் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த ஒரு கையெழுத்தில் பின்னக் தப்பினான். அகஸ்டஸின் பெயர் படத்தின் அடியில் நிலைத்தது. காலையிலிருந்து அவர்கள் கண்டுபிடித்த ஒவ்வொன்றையும் அவர்களே கையால் அழித்துவிட்டார்கள்.

எழுத்தர் கட்டைச் சேர்த்து நாடாவைச் சுற்றினார். தேவாலய மணி பன்னிரண்டு அடித்து முடிப்பதற்குள் உள்ளறைக்கு எடுத்துப் போய்விட்டார்.

*

மாலையில் கெசியா மட்டும் சிறைக்குப் போனாள். ஸ்ட்ரூட் வாசல் வரை வந்தார், உள்ளே வர முடியாது என்றார். அவள் வற்புறுத்தவில்லை.

டார்கஸ் அவள் முகத்தைப் பார்த்தாள். படத்தைப் பற்றிக் கேட்கவில்லை.

"எஃப்ரெம்?"

"பேரு வரல. யாரும் அவரத் தேட மாட்டாங்க. ஜேபஸ் பாத்துக்கறேன்னார்."

டார்கஸ் கண்ணை மூடித் திறந்தாள். "கப்பல் வியாழக்கிழமைதானா?"

"வியாழக்கிழமைதான். காலையில ஆறு மணிக்குப் படகுல கூட்டிட்டுப் போவாங்களாம்."

கெசியா கம்பிக்குள் கையை நீட்டினாள். டார்கஸ் அதைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆறு மணிக்கு அவர் தூங்கிட்டிருப்பார். ராத்திரி தூக்கம் வராது, விடியறப்போதான் கண் அசருவார். எழுப்ப வேண்டாம்னு ஜேபஸ் அண்ணன்கிட்டச் சொல்லுங்கக்கா."

"சொல்றேன்" என்றாள் கெசியா.